முன்பல் நான்கு

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் காபியும் முடித்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "ஒரு தபா சிரிம்மா, பாப்போம்" என்றார்.

அதட்டலாகச் சொல்லவில்லை. கடையில் புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்லும் சாதாரணக் குரல்தான். கூடத்துக்கு வந்ததிலிருந்து உதட்டை இழுத்துப் பல்லை மூடியபடியே உட்கார்ந்திருந்தேன். அப்படி மூடினால் எனக்கு மோவாயில் குழி குழியாகச் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். என் அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தேன். சிரிப்பு வராதபோது பல்லை மட்டும் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரிம்மா" என்றார். மாப்பிள்ளை தலை குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைக் கொண்டுவந்தவர் எனக்குப் பெரியப்பா முறை. இரண்டு நாள் கழித்து வந்து சேதி சொன்னார். பெண் லட்சணமாக இருக்கிறாள், குரல் நன்றாக இருக்கிறது, அரசாங்க உத்தியோகம், எல்லாம் திருப்தி. "பல்லு மட்டும் கொஞ்சம் முன்னால வந்துகினு கீதாம். அத்த சரி பண்ணிட்டா தை மாசமே வெச்சிக்கலாம்னு சொல்றாங்க." செங்கல்பட்டிலேயே ஒரு பல் டாக்டர் இருப்பதாகவும், அவர் இதையெல்லாம் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார் என்றும் மாப்பிள்ளை வீட்டிலேயே விசாரித்துச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்து மூன்று வயது. சிறு வயதில் ஓயாமல் விரல் சூப்பியதால் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்திருக்கிறாள் அம்மா. துணி சுற்றிக் கட்டியிருக்கிறாள். நான் அதையும் சேர்த்துச் சூப்பினேனாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வளர்ந்த பிறகு சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போகும். மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்புவதற்கென்று போட்டோ எடுத்தபோது ஸ்டூடியோக்காரர் வாயை மூடச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, ஒரு வழியாக எடுத்தார். மோவாய்ச் சுருக்கத்தை நெகட்டிவிலேயே பென்சிலால் சரிசெய்துவிட்டார். அந்தப் படத்தில் இருந்தவள் என்னைவிட அழகு.

எனக்கு வேலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். அந்தக் காலத்தில் போனை எடுத்தால் நேரே யாரிடமும் பேசிவிட முடியாது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் எங்களைப் போன்ற பெண்கள் "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, போர்டில் வயரைச் செருகி இணைத்துக் கொடுக்க வேண்டும். மெட்ராஸ், காஞ்சிபுரம், கல்பாக்கம் என்று எந்த ஊருக்குப் பேசினாலும் எங்கள் குரல் வழியாகத்தான் போக வேண்டும். காதில் மாட்டிய ஹெட்செட்டோடு போர்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்னை யாரும் பார்ப்பதில்லை. குரலை மட்டும் கேட்டுவிட்டு எங்கிருந்தோ ஒருவர் நன்றி சொல்வார். நாள் முழுக்க வாயைத் திறந்து பேசியும் கை வாய்க்குப் போகாத இடம் அது ஒன்றுதான்.

அப்பா என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். பஜாரில் ஒரு மாடிக் கட்டடம். கண்ணாடி அலமாரியில் சுண்ணாம்பில் வார்த்த வாய்கள் வரிசையாக இருந்தன. காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கிற மிஷின் ஒரு மூலையில் நின்றது. டாக்டர் மரியாதையான மனிதர். என் வாயைப் பார்த்துவிட்டு, அப்பாவை உட்காரச் சொல்லி, என்னென்ன செய்யலாம் என்று நிதானமாக விளக்கினார். நான்கு பற்களையும் எடுத்துவிட வேண்டும். பிறகு ரோஸ் நிறத் தட்டு ஒன்றில் நான்கு பல் வைத்துச் செய்து கொடுப்பார். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்ளலாம். அது வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்துக் கோரைப்பற்களையும் ராவிச் சிறிதாக்கி, அவற்றின் மேல் தொப்பி மாதிரி மாட்டி, நடுவில் நான்கு பல்லைப் பாலம் போலக் கட்டிவிடலாம். அது கழலாது. ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் ஈறு வற்றும், அது வற்றி முடிந்த பிறகுதான் பாலம். அதுவரை தட்டு. சிலர் ஓரத்தில் ஒரு தங்கப்பல் கேட்கிறார்கள், இப்போது அது அவ்வளவாக எடுபடுவதில்லை என்றும் சொன்னார்.

கம்பி போட்டு உள்ளே இழுப்பார்களாமே என்று அப்பா தயங்கிக் கேட்டார். அதெல்லாம் வளரும் பிள்ளைகளுக்கு, இந்த வயதில் எலும்பு இறுகிப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

பிறகு ஒரு வளையத்தில் கோத்த மாதிரிப் பற்களை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக என் உதட்டருகே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். பால் வெள்ளை என் முகத்துக்கு ஒட்டாது, லேசாக மஞ்சள் கலந்ததுதான் சொந்தப் பல் மாதிரி இருக்கும் என்றார். வளையல் கடையில் நிறம் பார்ப்பது போலவே இருந்தது. எனக்கு ஏனோ ஒன்று கேட்கத் தோன்றியது.

"இந்த நாலு பல்லுல சொத்தை எதுனா கீதா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. ஃபர்ஸ்ட் கிளாஸ் பல்லு."

அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்திய பாடு! வலிக்கிற பல்லைப் பிடுங்குவார்கள், ஆடுகிற பல்லைப் பிடுங்குவார்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? இதை அம்மாவிடம் கேட்டால், "ஒனக்குன்னு ஒரு வாழ்க்கை அமையறப்போ பல்லப் பத்திப் பேசிகினு கீறியே" என்பாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. இதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம் பல்லைப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமலே நின்றுபோனவை. இவர்கள் மட்டும்தான் வெளிப்படையாகச் சொல்லி, வழியும் காட்டியிருந்தார்கள்.

நாக்கு ஒரு இடத்தில் இருக்கவில்லை. அந்த நான்கு பல்லையும் பின்பக்கமிருந்து தடவிக்கொண்டே இருந்தது. போர்டில் உட்கார்ந்து "ப்ளீஸ்" என்று சொல்லும்போதெல்லாம், அந்த ஸ் எங்கே உண்டாகிறது என்று கவனித்தேன். நாக்கு நுனி முன்பல்லுக்குப் பின்னால் போய் நிற்கிறது, காற்று பல்லின் மேல் பட்டு வெளியே போகிறது. பல் இல்லாவிட்டால் காற்று எதன் மேல் படும்? இந்தச் சந்தேகம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நடந்து வேலை போனால் என்ன செய்வது, வேலை இருந்து கல்யாணம் நின்றால் என்ன செய்வது என்று மாற்றி மாற்றி யோசித்தேன்.

அப்போதுதான் என் சிநேகிதி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். செங்கல்பட்டு பஜாரில் அத்தர், ஊதுவத்தி விற்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவளுக்கும் என்னைப் போலவே எடுப்புப் பல். எங்கள் இருவரையும் ஜோடியாக வைத்துத்தான் வகுப்பில் கேலி செய்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இதே டாக்டரிடம் நான்கு பல்லையும் எடுத்துத் தட்டு போட்டுக்கொண்டாள். நிக்காஹ் அன்று பார்த்தபோது முகமே மாறியிருந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள், நானும் பொறாமைப்பட்டேன். கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் அவளைக் கொடுத்திருந்தார்கள். அணுமின் நிலைய வேலைக்கு ஆள் மேல் ஆளாக வந்து இறங்கிக்கொண்டிருந்ததால் அவள் புருஷனின் பாத்திரக் கடையில் நிற்க இடமில்லாத வியாபாரம்.

வார விடுமுறை நாளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். போகிற வழியெல்லாம் அவளிடம் எப்படிக் கேட்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கடல் காற்று முகத்தில் அடித்தபோதுதான் ஊர் வந்துவிட்டது தெரிந்தது.

என்னைக் கண்டதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் மாமியார் என் கையைப் பிடித்து நலம் விசாரித்து, நாஸ்தா எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சிநேகிதி ஒரு தட்டில் கொய்யாப்பழம் கொண்டுவந்தாள். எனக்கு முழுசாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, தன் பழத்தைக் கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவி, கடைவாய் ஓரமாக வைத்து மென்றாள். பள்ளிக்கூடத்து வாசலில் கொய்யாவைக் கடித்துப் பாதியை எனக்குத் தருகிறவள் அவள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே, "தாராளமா செஞ்சிக்கோடி. ஒண்ணும் பயமில்ல" என்றாள். வலி ஒரு நாள்தான், வீக்கம் ஒரு வாரம்தான் என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். நாள் முழுக்க மற்றவர்கள் குரலைக் கேட்கிற காது எனக்கு. அவள் பேச்சில் ஒவ்வொரு ச, ஸ வரும்போதும் அடியில் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. கவனிக்காதவர்களுக்குத் தெரியாது.

"ஒரு தபா நம்பர் ப்ளீஸ்னு சொல்லேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். ப்ளீஸ் முடிகிற இடத்தில் விசில் நீளமாக வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை சொன்னாள், மெதுவாக, பல்லை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. அப்போதும் வந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். எனக்கு முதுகைக் காட்டி நின்று வாயிலிருந்து தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். என் வயதுப் பெண். மேலுதடு உள்ளே மடிந்து, மூக்கு கீழே இறங்கி, வேறு யாரோ ஒரு கிழவி நின்றாள். பிறகு பல் இல்லாமலே பேசினாள். பாதி புரியவில்லை, ஆனால் புரிந்தவரை இது. ஈறு வற்றிக்கொண்டே போகிறது. தட்டு தளர்ந்துவிட்டது, இது இரண்டாவது. பெருநாள் அன்று விருந்தாளிகள் நடுவில் சிரித்தபோது தட்டு இறங்கி நாக்கின் மேல் விழுந்தது. அன்றைக்குத் தலைவலி என்று சொல்லி அறைக்குள் படுத்துக்கொண்டாள். புருஷனுக்கு எல்லாம் தெரியும், அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எனக்குத்தான் யார் முன்னாலயும் வாய் வெச்சு சாப்பிட முடியல."

தட்டை மறுபடி மாட்டிக்கொண்டதும் பழைய அழகு திரும்பி வந்தது. "நீ செஞ்சிக்கணுமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். செய்யாம இருந்தா எனக்கு இந்த வூடு கெடச்சிருக்காது" என்றாள். அவள் நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள் நுழைந்து அம்மா முகத்தைப் பார்த்ததும் சரி என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை வரை இப்படியே போனது. கடைசியில் எதுவும் சொல்லாமல் அப்பாவோடு மாடி ஏறினேன்.

டாக்டர் ஊசி போட்டார். மேலண்ணத்தில் ஒன்று, உதட்டுக்குள் மேலே மூன்று நான்கு இடத்தில். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மரத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மேலுதடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, கனத்து, பிறகு இல்லாமலே போய்விட்டது. பக்கத்தில் வெள்ளைத் துணி போட்ட தட்டில் குறடுகள். பயத்தில் என்னையறியாமல் வாய்க்குள் நம்பர் ப்ளீஸ் என்று சொல்லிப் பார்த்தேன். ப வரவில்லை. உதடு எங்கே சேர்கிறது என்றே தெரியவில்லை. குழறலாக ஒரு சத்தம் வந்தது. என் காதுக்கே யாரோ அடிபட்டவர் பேசுவது போலக் கேட்டது.

டாக்டர் குறடோடு குனிந்தபோது இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டேன்.

"வலிக்காதும்மா. மரத்துப் போச்சு பாரு."

தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று சொன்னது எப்படிக் கேட்டதோ, திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அப்பா உள்ளே வந்துவிட்டார். நான் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கம் நின்றுகொண்டேன். டாக்டர் கோபப்படவில்லை. குறடைத் தட்டில் வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இன்னிக்கு வேணாம்னா விட்டுடுங்க. புடுங்கிட்டா அப்புறம் ஒட்ட வைக்க முடியாது."

கீழே இறங்கினோம். பஜாரில் நடந்தபோது என் வாயோரம் எச்சில் வழிவது எனக்கே தெரியவில்லை. அப்பா தோளிலிருந்த துண்டால் துடைத்துவிட்டார். தாகமாக இருக்குமென்று ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியாமல் ரவிக்கையெல்லாம் நனைந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதால் முகம் எப்படிக் கோணுமோ என்று அதுவும் பயமாக இருந்தது.

"நைனா, அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சொல்லிக்கிறேன். நீ வா" என்றார்.

அம்மா எங்களைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சேதியைக் கேட்டுவிட்டு, முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தை அப்படியே வைத்துவிட்டு, "சின்னப் புள்ளையில அந்தக் கைய நான் கட்டிப் போட்டிருக்கணும்" என்றாள். பிறகு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

அப்பா அரிசி மில்லில் மேஸ்திரி. அங்கே யாரோ சொன்னதன் பேரில் என்னை அரசு ஆஸ்பத்திரியில் பல் பார்க்கிற அம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் என் வாயை வெகு நேரம் பார்த்தார். பெரியவர்களுக்கும் கம்பி போடலாம், பல் நகரும், ஆனால் மெல்ல நகரும் என்றார். மெட்ராஸில் பெரிய பல் ஆஸ்பத்திரியில்தான் செய்வார்கள், இரண்டு வருஷமாவது ஆகும். முழுக்கச் சரியாகுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். இரண்டு வருஷமும் ஒரு "பார்க்கலாம்"மும். இதை எப்படி மாப்பிள்ளை வீட்டில் சொல்வது? பெரியப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

மாப்பிள்ளைக்குக் கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்ன மூடி உண்டு, அழைப்பு வந்தால் அது விழும்; ஒரு மத்தியானம் கல்பாக்கம் லைனின் மூடி விழுந்தது. வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்றேன். மறுபக்கம் சத்தமே இல்லை. இன்னொரு முறை கேட்டேன்.

"நீங்கதானே?" என்றது ஒரு குரல். பெண் பார்த்த அன்று அவர் பேசி நான் கேட்டதே இல்லை. இருந்தாலும் யாரென்று தெரிந்துவிட்டது. ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பக்கத்து போர்டில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

தன் அம்மா பிடிவாதமாக இருப்பதாகச் சொன்னார். இரண்டு வருஷம் என்பது நடக்காது என்றார். அவர் ஆபீசிலேயே பல் கட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை, நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று கேட்டார். கெட்டவராகத் தோன்றவில்லை.

"உங்க அம்மா சொல்றது இருக்கட்டும். உங்களுக்கு இன்னா தோணுது?" என்று கேட்டேன்.



"எனக்கு போட்டோ புடிச்சிருந்தது" என்றார்.

அதற்குள் வேறு மூடிகள் இரண்டு மூன்று விழுந்துவிட்டன. "லைன் வேணும் சார், வெச்சிடறேன்" என்று சொல்லி வயரை எடுத்தேன். அன்றைக்கு மாலை வரை ஒரு அழைப்பைக்கூடத் தப்பாக இணைக்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம். அந்தத் தையிலேயே அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. எங்களைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டோம்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் முதல் காரியமாக என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பக்கத்திலும் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லைப் பிடுங்கினார்கள். முன்பல் பின்னால் நகர இடம் வேண்டுமாம். அவையும் ஃபர்ஸ்ட் கிளாஸ் பல்தான். நான்கு பல்லுக்குப் பயந்து ஓடிவந்தவள் இரண்டு பல்லைக் கொடுத்துவிட்டு, பஞ்சைக் கடித்தபடி செங்கல்பட்டு ரயிலில் உட்கார்ந்திருந்தேன். முட்டாள்தனம் செய்துவிட்டோமோ என்கிற நினைப்பு தாம்பரம் தாண்டியும் விடவில்லை. கல்யாணமும் போய், பல்லும் போய், இதுவும் சரியாக வராவிட்டால்?

ஒவ்வொரு பல்லுக்கும் எஃகுப் பட்டை மாட்டி, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினார்கள். மாதம் ஒருமுறை போய் இறுக்கிக்கொள்ள வேண்டும். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று ஒவ்வொருவராக என் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள். இறுக்கிய பிறகு சில நாளைக்கு இட்லிகூடக் கடிக்க முடியாது, ரசத்தில் கரைத்துக் குடிப்பேன். கம்பி கன்னத்தின் உட்பக்கத்தை அறுத்துப் புண்ணாக்கிவிடும். மெழுகுவத்தியைக் கிள்ளி உருட்டிக் கம்பியின் மேல் ஒட்டிக்கொள்வேன்.

நான் எதற்குப் பயந்து நாற்காலியிலிருந்து இறங்கினேனோ அதுவும் நடந்தது. கம்பி போட்ட ஆரம்பத்தில் ஸ கெட்டுப்போனது. "இன்னாம்மா, வாயில வெத்தலையா?" என்று ஒரு அரிசி மண்டிக்காரர் கேட்டார். புகார் வந்தது. சூப்பர்வைசர் அம்மா கண்டிப்பானவர். என்னைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பேச்சு சரியாகிற வரை போர்டில் உட்கார வேண்டாம், லைன் சோதிக்கிற வேலையைப் பார் என்றார். வேலையிலிருந்து எடுத்துவிடுவதற்கு இது முதல் படி என்றே நினைத்தேன். ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தின் கடைசியில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று, ஊர்ப் பெயர்களாகச் சொல்லிப் பழகினேன். சிங்கப்பெருமாள் கோவில், சைதாப்பேட்டை, சீர்காழி. நாக்கு தன் புது இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேலானது. மறுபடி போர்டில் உட்காரவைத்தார்கள்.

இரண்டாவது வருஷத்தில் வலது முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், வேர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இறுக்குவதை நிறுத்தி வைப்போம் என்றார். கறுத்துப் போகலாம், விழுந்தாலும் விழலாம், அப்படியே நின்றாலும் நிற்கலாம். பொறுத்திருந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. தினமும் காலையில் கண்ணாடியை ஜன்னலுக்கு எடுத்துப்போய் அந்தப் பல்லின் நிறம் பார்ப்பதே எனக்கு வேலை. நேற்றைவிட இன்று கறுத்திருக்கிறதா என்று அம்மாவைக் கேட்பேன். அவளும் கண்ணை இடுக்கிப் பார்த்து, "நேத்து மாதிரிதான் கீது" என்பாள். பல் விழவில்லை. மற்ற பற்களைவிட ஒரு மாற்று மங்கி, அப்படியே நின்றுவிட்டது.

கம்பியைக் கழற்றிய அன்று வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தேன். உதடு இரண்டும் தானாகச் சேர்ந்திருந்தன, நான் எதையும் இழுத்து மூடவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்படியே உங்க அத்தையாட்டம் கீற" என்றாள். அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒத்துவராது. அப்பா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மதுராந்தகத்துப் பக்கம், ஹைஸ்கூல் வாத்தியார். அவர் அம்மா என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. எங்கே சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நானே முழு நேரமும் சிரித்துக்கொண்டிருந்து, கன்னம் வலித்துப் போனது.

கல்யாணத்துக்கு முன்னால் சிநேகிதி என்னை மாமல்லபுரத்துக்கு வரச் சொன்னாள். புதுப்பட்டினத்திலிருந்து அவள் வந்தாள், செங்கல்பட்டிலிருந்து நான். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, கட்டுமரங்கள் இழுத்துப் போட்டிருந்த மணலில் உட்கார்ந்தோம். காட்டு என்றாள். காட்டினேன். இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மங்கலாக இருந்த பல்லை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"எனக்கும் இந்தக் கம்பி போட்டா..." என்று ஆரம்பித்தவள், தானே நிறுத்திக்கொண்டாள். "எதுல போடுவாங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது தட்டு இறங்காமலிருக்க நாக்கால் தாங்கிக்கொள்வது தெரிந்தது. அது மூன்றாவது தட்டு.

ஆஸ்பத்திரியில் பாலம் கட்டுகிறார்கள், உன் ஈறு வற்ற வேண்டியதெல்லாம் வற்றி முடிந்திருக்கும், வந்து காட்டு என்றேன். கோரைப்பல்லை ராவ வேண்டுமாமே, இருக்கிறதும் போய்விட்டால் என்ன செய்வது என்றாள். தாம்பரம் தாண்டியும் என்னை விடாத அதே கேள்வி. போகாது என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

என் கல்யாணம் ஆகி, அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அவள் மனசு வந்தது. செங்கல்பட்டிலிருந்து ரயிலில் கூட்டிப்போனேன். பலமுறை போக வேண்டியிருந்தது. கடைசி நாளில் அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் பல்லுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. நானாகக் கூட்டிவந்தேனே, ஏதாவது ஆகிவிட்டால் அவள் புருஷனுக்கு என்ன பதில் சொல்வேன்? முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். காட்டச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டினாள். ஸ்டேஷன் வரை மூடியபடியே நடந்தாள். நன்றாக இல்லையோ, வலிக்கிறதோ, என் மேல் கோபமோ என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ரயில் கிண்டி தாண்டியதும் அசதியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முந்தானை நழுவி, வாய் லேசாகத் திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன். நான்கும் நேராக, ஈறோடு ஒட்டி, ஒரு ஓரத்தில் கொஞ்சம் ரத்தக் கசிவோடு இருந்தன. ரயில் குலுங்கியது. அவை அசையவில்லை. எழுப்பாமல் செங்கல்பட்டு வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.